ஒரே மருந்து, இரண்டு பெயர்

அம்மாவுக்குக் கால் வீங்கியது, எழுந்தால் தலைசுற்றல். வயசாயிற்று என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. இதய டாக்டர் எழுதியது ஒரு கம்பெனிப் பெயர், சர்க்கரை டாக்டர் எழுதியது வேறு பெயர். பொடி எழுத்தில் இரண்டிலும் ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபின் 5 மி.கி. தினமும் 10 மி.கி. போயிருக்கிறது! அட்டைகளோடு டாக்டரிடம் ஓடினோம்; ஒன்றை நிறுத்தினார். அப்புறம் வீக்கம் மெல்ல வடிந்தது.

இப்போது மருந்தின் மூலப்பெயர், அளவு, வேளை எல்லாம் ஒரே தாளில் எழுதி, பென்சிலின் ஒவ்வாமையைச் சிவப்பு மையில் மேலே போட்டு, அம்மாவின் பர்ஸில் வைத்திருக்கிறேன். எந்த டாக்டரானாலும் முதலில் அந்தத் தாள்தான். மருந்துக்கடையில் "வேற கம்பெனி, அதே மருந்துதான்" என்றால், அங்கேயே நின்று பெயரை ஒத்துப் பார்க்கிறேன். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.