பார்த்த எபிசோடைப் பற்றி எழுதுவது எப்படி? புதிதாக எழுதுபவர்களுக்கு ஒரு செய்முறை

"செம எபிசோடு", "இந்த வாரம் இழுவை". நேற்றுப் பார்த்ததைப் பற்றி யாராவது கேட்டால் இப்படித்தான் வாயில் வரும். பொய்யில்லை. ஆனால் கேட்டவருக்கு இதில் ஒன்றுமே கிடைக்கவில்லை. எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எந்த இடத்தில் கை தானாக போனுக்குப் போனது என்று சொல்லுங்கள். அப்போதுதான் அவருக்கும் பேச ஏதாவது இருக்கும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த இரண்டு இடங்களைக் கண்டுபிடித்து எழுதுவதற்காகத்தான்.

தேவையானவை: ஒரு தாள், பேனா, ஓடும் நேரத்தைக் காட்டும் பிளேயர். 45 நிமிட எபிசோடு என்றால் பார்க்கவும் எழுதவுமாகச் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதல் படி: எதைப் பார்க்கிறோம் என்று குறித்துக்கொள்வது

தொடரின் பெயர், சீசன், எபிசோடு எண், எபிசோடின் தலைப்பு, முதலில் ஒளிபரப்பான ஆண்டு, ஓடும் நேரம், மூல மொழியா டப்பிங்கா. இவ்வளவையும் பார்ப்பதற்கு முன்பே தாளின் மேலே எழுதிவிடுங்கள்.

எண் மட்டும் போதாது, தலைப்பும் வேண்டும். 'ஃபயர்ஃபிளை' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கதையைத் தொடங்கி வைக்கும் 'செரினிட்டி' எபிசோடை ஃபாக்ஸ் சேனல் 2002 டிசம்பரில்தான் ஒளிபரப்பியது. அதற்குள் வேறு பல எபிசோடுகள் போய்விட்டன. பிறகு வந்த டிஸ்க்குகளில் அதுவே முதலில் இருக்கிறது. நீங்கள் "முதல் எபிசோடு" என்று எழுதினால் ஒருவர் ஒன்றை நினைப்பார், இன்னொருவர் வேறொன்றை நினைப்பார்.

புதிய தொடருக்கு இந்தப் படி இரண்டு நிமிட வேலை. பழைய தொடருக்கு இங்கேதான் பாதி உழைப்பு. ஏனென்றால் பழைய எபிசோடு பெரும்பாலும் முதலில் ஒளிபரப்பான வடிவத்தில் நம் கைக்கு வருவதில்லை. நான்கு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

ஓடும் நேரம். 1960-களின் அமெரிக்க ஒரு மணி நேரத் தொடர்களில் விளம்பரம் போக எபிசோடு சுமார் 50 நிமிடம் ஓடும். பிற்காலத்தில் விளம்பரங்கள் கூடியதும் மறுஒளிபரப்புக்காகக் காட்சிகளை வெட்டினார்கள். உங்கள் பிரதியில் 45 நிமிடம்தான் இருக்கிறதா? அது வெட்டுப்பட்ட பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பார்த்துவிட்டு "கதை திடீரெனத் தாவுகிறது" என்று இயக்குநரைக் குறை சொல்வது நியாயமில்லை. 48 நிமிடம் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம்: நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை 25 ஃபிரேமில் ஓட்டினால், ஒரு காட்சியும் வெட்டுப்படாமலே 50 நிமிடம் 48 ஆகிவிடும். இதைக் காதால் கண்டுபிடிக்கலாம். பழக்கமான நடிகரின் குரல் சற்று மேலேறிக் கேட்கும்.

திரையின் வடிவம். பழைய தொலைக்காட்சி 4:3 விகிதம், இன்றைய திரை 16:9. பழைய தொடர் திரை முழுவதையும் நிரப்பி நிற்கிறதென்றால், பெரும்பாலும் மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள். 2019-ல் டிஸ்னி பிளஸ்ஸில் 'தி சிம்ப்ஸன்ஸ்' இப்படித்தான் வந்தது. அதில் ஒரு மதுபான ஆலைக் காட்சி உண்டு. டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பெயர்களில் மூன்று தொட்டிகள். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்துதான் சரக்கு இறங்குகிறது. ஜோக்கே அந்தக் குழாய்தான். மேல்பகுதியை வெட்டியதும் குழாய் காணாமல் போய், வெறும் மூன்று தொட்டிகள் மிஞ்சின. ரசிகர்கள் கேட்டுக் கேட்டு, 2020-ல் 4:3 வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. "இதில் என்ன சிரிக்க இருக்கிறது?" என்று எழுதுவதற்கு முன்பு, செட்டிங்ஸில் அந்த வசதி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இசை. பாடல் உரிமை முதலில் ஒளிபரப்புக்கு மட்டுமே வாங்கப்பட்டிருக்கும். டிஸ்க்குக்கும் ஓடிடிக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டும். கட்டாதபோது வேறு இசையைப் போட்டுவிடுவார்கள். ஒரு வானொலி நிலையத்தைச் சுற்றி நடக்கும் 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' (1978–82) இதில் ரொம்பவே அடிபட்ட தொடர். காட்சிக்கு இசை ஒட்டவில்லை என்று பட்டால், மாற்றப்பட்ட இசையா என்று தேடிப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

சிரிப்பொலி. போர்முனை மருத்துவமனை ஒன்றில் நடக்கும் 'மேஷ்' (1972–83) அமெரிக்காவில் பதிவுசெய்த சிரிப்பொலியோடு வந்தது. அறுவைசிகிச்சைக் காட்சிகளில் மட்டும் அது கூடாது என்று தயாரிப்பாளர்கள் போராடி நிறுத்தினார்கள். பிரிட்டனில் சிரிப்பொலியே இல்லாமல் ஒளிபரப்பானது. டிஸ்க்கில் இரண்டு ஒலித்தடமும் உண்டு. ஒரே எபிசோடு, ஒரே வசனம். ஆனால் சிரிப்பொலி இருந்தால் நகைச்சுவைத் தொடர், இல்லாவிட்டால் போர்முனையில் களைத்துப்போனவர்களின் கதை. எந்தத் தடத்தில் பார்த்தீர்கள் என்று சொல்லாமல் அந்தத் தொடரைப் பற்றி எழுதுவதில் அர்த்தமே இல்லை.

இரண்டாம் படி: பார்ப்பது

'அடுத்த எபிசோடு தானாக ஓடட்டும்' என்ற வசதியை அணைத்துவிடுங்கள். முதல் தடவை நிறுத்தாமல் பார்க்க வேண்டும். டைட்டிலைத் தாண்டாதீர்கள், டைட்டிலுக்கு முன்னால் வரும் காட்சிக்கும் பின்னால் வரும் காட்சிக்கும் உள்ள தொடர்பு, டைட்டில் இசை ஓடும் நேரத்தில்தான் மனதில் பதியும்.

குறிப்பு என்றால் நேரமும் இரண்டு சொல்லும் மட்டும். "12:40 கதவு, பேச்சில்லை." அவ்வளவுதான். 45 நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டுக் குறிப்புகள் போதும். 15-ஐத் தாண்டினால் நீங்கள் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். சப்டைட்டிலோடு பார்ப்பவர்கள் இன்னும் குறைக்க வேண்டும். குனிந்து எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு வசனம் போய்விடும். சலிப்புத் தட்டிய இடத்தையும் குறியுங்கள். புதிதாக எழுதுபவர்கள் இதை விட்டுவிட்டு, கடைசியில் "கொஞ்சம் ஸ்லோ" என்று பொதுவாக முடித்துவிடுகிறார்கள். 23-வது நிமிடத்திலிருந்து 29 வரை என்று குறித்து வைத்திருந்தால், அங்கே ஏன் தொய்ந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

சின்ன வயதில் பார்த்த தொடரை மறுபடி பார்க்கிறீர்களா? பிளே அழுத்துவதற்கு முன்பு, நினைவில் இருப்பதை ஐந்து வரியில் எழுதிவிடுங்கள். பார்த்து முடித்ததும் பழைய நினைவு எது, இப்போது பார்த்தது எது என்று பிரிக்கவே முடியாது. நினைவுக்கும் எபிசோடுக்கும் உள்ள இடைவெளிதான் பல நேரங்களில் எழுதத் தகுந்த விஷயமாக இருக்கும்.

முடிந்ததும் பத்து நிமிடத்துக்குள் மூன்று வாக்கியங்கள். மற்றவர்களின் கருத்தை அதற்கு முன் படிக்கக் கூடாது. படித்தால் அவர்களுடைய சொற்கள் உங்கள் சொற்களாகிவிடும். அப்புறம் உங்களுக்கு என்ன தோன்றியது என்பது உங்களுக்கே தெரியாது.

2013 பிப்ரவரி 1 அன்று 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' முதல் சீசனின் 13 எபிசோடுகளும் ஒரே நாளில் வெளியாயின. அதன் பிறகு ஒரே மூச்சில் பார்ப்பது பழகிப்போய்விட்டது. அப்படிப் பார்ப்பவர்களுக்கு இந்த மூன்று வாக்கியங்கள் கட்டாயம். நான்காவதில் நடந்தது ஐந்தாவதில் கலந்துவிட்டால் மீட்க வழியில்லை. பழைய வாராந்தரத் தொடர் என்றால் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். வாரம் ஒன்று என்று கட்டிய கதையை ஆறு சேர்த்துப் பார்த்தால் அதன் சட்டகம்தான் கண்ணில் படும், கதை படாது.

மூன்றாம் படி: ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வது

குறிப்புகளில் உங்களை அதிகம் பாதித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த இரண்டு மூன்று நிமிடங்களை மட்டும் திரும்பப் பாருங்கள். ஒருமுறை ஒலியில்லாமல்: யார் ஃபிரேமில் இருக்கிறார்கள், யார் பேசும்போது யார் முகம் காட்டப்படுகிறது, ஷாட் எங்கே வெட்டப்படுகிறது. இன்னொரு முறை திரையைப் பார்க்காமல், காதால் மட்டும்: பின்னணி இசை எப்போது நுழைகிறது? நடிகரின் முகம் மாறுவதற்கு முன்பே இசை வந்துவிட்டால், என்ன உணர வேண்டும் என்று இசை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. முகம் மாறிய பிறகு வந்தால், அதை நீங்களாகவே உணர்ந்தீர்கள். "மனதைத் தொட்டது" என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ பயனுள்ள தகவல்.

நான்காம் படி: எழுதுவது

150 முதல் 250 சொற்கள். இதில் கதைச்சுருக்கம் கால்வாசியைத் தாண்டக் கூடாது. புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். கதை சொல்வது சுலபம் என்பதால் அதுவே முழு இடத்தையும் தின்றுவிடும்.

'தி ட்விலைட் ஸோன்' தொடரில் 1959 நவம்பர் 20 அன்று ஒளிபரப்பான 'டைம் இனஃப் அட் லாஸ்ட்' எபிசோடை வைத்துப் பார்ப்போம். வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்:

"ஹென்றி பெமிஸ் வங்கியில் வேலை செய்பவர். படிப்பதென்றால் அவருக்கு உயிர். மனைவிக்கும் மேலதிகாரிக்கும் அது பிடிக்காது. ஒருநாள் பெரிய விபரீதம் நடக்கிறது. பிறகு என்ன ஆனது என்பதுதான் கதை. நடிப்பு அருமை. முடிவு சூப்பர்."

இதில் எழுதியவரைக் காணோம். படிகளைப் பின்பற்றினால் இப்படி வரும்:

"மனைவி கவிதை வாசிக்கச் சொல்கிறாள். பெமிஸ் முகம் மலர்ந்து புத்தகத்தைத் திறக்கிறார். பக்கத்தில் வரிகளின் மேல் மை கிறுக்கியிருக்கிறது. அடுத்த பக்கமும் அப்படியே. பெமிஸாக நடிக்கும் பர்ஜெஸ் மெரிடித்தின் முகத்தில் அந்தச் சந்தோஷம் வடிவதுதான் எனக்கு இந்த எபிசோடு. பின்பாதியில் அவர் தனியாக விடப்படும்போது பாவம் என்று மட்டும் தோன்றாமல், அப்பாடா என்றும் தோன்றுவதற்குக் காரணம் இந்தக் காட்சிதான். முடிவு நம்முடைய அந்த நிம்மதியின் மீதுதான் கைவைக்கிறது. குறை ஒன்று உண்டு: மனைவிக்குக் கொடுமை செய்வதைத் தவிர வேறு முகமே கொடுக்கப்படவில்லை. அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்று ஒரு வரியாவது வேண்டும்."

முடிவை வெளியிடாமலே முடிவைப் பற்றிப் பேச முடிந்திருக்கிறது, கவனியுங்கள். குறையைச் சொன்ன கையோடு, என்ன இருந்திருக்கலாம் என்பதும் வந்துவிட்டது. அது இல்லாத குறை வெறும் முணுமுணுப்பு.

பழைய தொடர்களைப் பற்றி எழுதும்போது

விளம்பர இடைவேளையை மனதில் வைத்துத்தான் அவை எழுதப்பட்டன. ஒவ்வொரு பகுதியும் ஒரு சின்ன அதிர்ச்சியோடு முடியும். அடுத்த பகுதி, நடந்ததை ஒரு வசனத்தில் நினைவூட்டித் தொடங்கும். விளம்பரம் இல்லாமல் பார்க்கும் நமக்கு அது சொன்னதையே சொல்வதுபோல் இருக்கும். அதை அசட்டு எழுத்து என்று தீர்ப்பளிக்காதீர்கள். இடைவேளை எங்கே வந்திருக்கும் என்று கண்டுபிடித்து, அந்த அதிர்ச்சி வேலை செய்ததா என்று எழுதுங்கள். காத்திருப்பும் கதையின் பகுதிதான். 'டல்லஸ்' தொடரில் ஜே.ஆர். என்ற கதாபாத்திரத்தை யார் சுட்டது என்ற கேள்வி 1980 மார்ச் 21 அன்று எழுந்தது; விடை நவம்பர் 21 அன்றுதான் வந்தது. எட்டு மாதம் ஊர் உலகமெல்லாம் பேசிய புதிரை ஒரே இரவில் தாண்டிவிட்டு "சப்பென்று இருந்தது" என்றால், அது எபிசோடின் குற்றமாகாது.

சில பழைய எபிசோடுகளுக்குப் படமே கிடையாது. பிபிசி அந்தக் காலத்தில் டேப்களை அழித்து மறுபடி பயன்படுத்தியதால், 1960-களின் 'டாக்டர் ஹூ' எபிசோடுகளில் ஏராளமானவை தொலைந்துபோயின. ஒன்பது எபிசோடுகள் நைஜீரியாவில் கிடைத்து 2013-ல் வெளிவந்தன. தொலைந்தவற்றின் ஒலி மட்டும், ரசிகர்கள் அன்று வீட்டில் பதிவுசெய்ததால் தப்பித்திருக்கிறது. அந்த ஒலியோடு புகைப்படங்களையோ அனிமேஷனையோ சேர்த்து வெளியிடுகிறார்கள். அப்படிப் பார்த்திருந்தால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். குரலைப் பற்றியும் வசனத்தைப் பற்றியும் தாராளமாகப் பேசலாம். நடிகரின் உடல்மொழியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

இன்று உறுத்தும் வசனம் வந்தால், அது எந்த நிமிடத்தில், யார் யாரிடம் சொல்வது, அந்த அறையில் வேறு யாராவது அதை மறுக்கிறார்களா என்று எழுதுங்கள். "அந்தக் காலம் அப்படி" என்று கடந்துபோனால், அந்தக் காலத்திலேயே அதை மறுத்துப் பேசிய கதாபாத்திரத்தையும் சேர்த்து மறைத்துவிடுகிறீர்கள்.

ஐந்தாம் படி: ஸ்பாய்லர்

தலைப்பிலும் முதல் பத்தியிலும் கூடவே கூடாது. முதல் பத்து நிமிடத்தில் நடப்பதைச் சொல்லலாம்; அதற்குப் பிறகு நடப்பதற்கு எச்சரிக்கை வரி போட்டு, சில வரி இடைவெளி விட்டு எழுதுங்கள். "ஒரு மரணம் இருக்கிறது, யார் என்று சொல்ல மாட்டேன்" என்பதும் ஸ்பாய்லர்தான். படிப்பவர் எபிசோடு முழுக்க அதையே எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். அறுபது வருடப் பழைய எபிசோடுக்கும் இதே விதி பொருந்தும். அதை இன்று முதல் தடவையாகப் பார்க்கப்போகிறவர் எங்கோ இருக்கிறார்.

வாராவாரம் வரும் தொடர் என்றால், அடுத்து என்ன நடக்கும் என்ற உங்கள் ஊகத்தைத் தனிப் பத்தியில் வையுங்கள். பார்த்ததோடு அதைக் கலந்தால், ஊகம் பொய்த்த வாரத்தில் எபிசோடு மோசம் என்று எழுதத் தோன்றும்.

போட்ட பிறகு

யாராவது மறுத்தால் வாதத்தில் இறங்குவதற்கு முன் எந்த நிமிடம் என்று கேளுங்கள். பாதிச் சண்டை, இருவரும் வேறு வேறு பிரதியைப் பார்த்ததால்தான் வருகிறது. தகவல் பிழை இருந்தால் உடனே திருத்துங்கள். இரண்டாம் முறை பார்த்துக் கருத்து மாறினால் பழையதை அழிக்க வேண்டாம். தேதி போட்டு, எந்தக் காட்சி மனதை மாற்றியது என்று கீழே சேர்த்துவிடுங்கள்.