சிப்பித் தோடு இணையத்துக்குப் போகும் முன்

கன்னியாகுமரியில் வாங்கிய சிப்பியில் தோடு செய்து இணையத்தில் விற்க நினைக்கிறீர்களா? முதலில் அதை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவையுங்கள். தண்ணீரை அவ்வப்போது மாற்றுங்கள். உப்பு மிச்சமிருந்தால் கொக்கி துருப்பிடிக்கும், வாங்கியவர் மறுபடி வரமாட்டார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சில சிப்பி, சங்கு இனங்களை விற்கத் தடை செய்கிறது. இனம் தெரியாததைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, இதை வேண்டுகோளாகவே சொல்கிறேன். நாகர்கோவிலின் வடசேரிப் பகுதியில் செய்யப்படும் நாகர்கோவில் கோயில் நகை புவிசார் குறியீடு பெற்றது; அதாவது, அந்தப் பெயர் அந்த ஊர்ப் பொருளுக்கே உரியது என்ற சட்டப் பாதுகாப்பு. அந்தப் பெயரை உங்கள் சிப்பித் தோட்டுக்கோ கண்ணாடிமணி மாலைக்கோ சூட்டாதீர்கள். அது அந்தக் கைவினைஞர்களின் பிழைப்பு.

படத்தைக் காலையில் ஜன்னலோரம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் தோட்டின் அளவு புரியும். தபால் செலவோடு உங்கள் உழைப்பு நேரத்தையும் விலையில் சேருங்கள்.