மணி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிய நாள்

எங்கள் மணி நாட்டு நாய். தட்டுச் சத்தம் கேட்டாலே ஓடி வருவான். போன சித்திரையில் ஒருநாள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, மாடிப்படிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டான். வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கறிச்சோறு வைத்தும் தொடவில்லை. தபால்காரரைப் பார்த்தும் குரைக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா பாராசிட்டமால் பாதி கொடுக்கச் சொன்னார். நல்லவேளை, கொடுக்கவில்லை. அது நாய்களின் கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள் காலை தரையில் இரண்டு சொட்டு ரத்தம். மூக்கிலிருந்து வந்திருக்கிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. உடனே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

காய்ச்சல் 104 டிகிரி. நாய்க்கு 102.5 வரை இயல்புதான். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணிகள். ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 42 ஆயிரம். குறைந்தது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டுமாம். உண்ணிக் காய்ச்சல். 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில் கூடாது. தயிர்சாத உருண்டைக்குள் வைத்தால் மாத்திரையை மட்டும் துப்பினான். வேகவைத்த ஈரலில் ஏமாந்தான்.

நான்காம் நாள் தட்டை நக்கினான். இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் உதட்டைத் தூக்கி ஈறு பார்க்கிறேன். அவனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.