கோழிக்கு முட்டை சிக்கிருச்சா? மொதல்ல சூடு குடுங்க

கோழி வால கீழ தொங்கப்போட்டு நெட்டுக்குத்தலா நிக்குது, கூட்டுக்குள்ள போறதும் வாறதுமா இருக்கு, முக்கி முக்கிப் பாக்குது, முட்டைய மட்டும் காணோம்னா உள்ள சிக்கிருக்கலாம். அடைக்கு உக்காந்திருக்குன்னு விட்டுறாதீங்க, அடைக்கோழி கிட்ட போனா சிலுத்துக்கிட்டு கொத்த வரும், இது கண்ண மூடி சோந்து கிடக்கும்.

பேசின்ல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி, பச்சப்புள்ளைக்கு குளிப்பாட்டுற சூடு இருந்தா போதும், வயிறு முங்குற அளவுக்கு 15, 20 நிமிசம் உக்கார வைங்க, நுவரெலியா ஹட்டன் மாதிரி குளிரான மலைப் பக்கம் தண்ணி சட்டுனு ஆறிப்போகும், பக்கத்துல ஒரு கேத்தல் சுடுதண்ணி வச்சுக்கிட்டு கோழி மேல படாம ஓரமா ஊத்திக் கலக்குங்க. அப்புறம் தான் முக்கியமான வேலை, நல்லா தொவட்டி அடுப்படியில பொகை படாத எடத்துல காட்போட் பெட்டிக்குள்ள துணி போட்டு இருட்டா வைங்க. ஆடி மாசக் காத்துலயும் மழையிலயும் ஈரத்தோட வெளிய விட்டீங்கன்னா முட்டை கொல்லுறதுக்கு முந்தி குளிரு கொன்னுரும்.

பின்பக்கத்துல கொஞ்சம் தேங்கா எண்ணெய் தடவலாம். ஆனா வயித்த அமுக்கவே கூடாது, கம்பி குச்சி விடவும் கூடாது, உள்ள ஒடைஞ்சா ஓடு கிழிச்சு சீழ் வச்சிரும். செஞ்சு பாத்தும் அன்னைக்குள்ள வரலைன்னா நாளைக்குன்னு தள்ளாம அரசாங்க மிருக வைத்தியர்கிட்ட கொண்டு போங்க, மருந்து குடுத்தா எத்தன நாளைக்கு முட்டை சாப்பிடக்கூடாதுன்னும் கேட்டுக்கங்க.

ஏன் சிக்குதுன்னா பலதும் இருக்கு, நம்ம பக்கம் மொதல்ல பாக்க வேண்டியது தீனிய. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணித்தியாலம் ஆகுது, அதுல 20 மணித்தியாலம் ஓடு கட்டவே போயிரும், அந்த ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் கல்சியம் வேணும், தீனில பத்தலைன்னா எலும்புல இருந்து எடுக்கும். முட்டைய வெளிய தள்ளுற தசைக்கும் கல்சியம் தான் பலம். நாம போடுறது மிஞ்சின சோறும் ரொட்டித்துண்டும், அதுல கொழுப்பு தான் ஏறும், கொழுத்த கோழிக்கு சிக்குறதும் சாஸ்தி. முட்டைக்கோழிக்குன்னே விக்கிற தீனி, லேயர் மேஷ், வாங்கிப் போட்டு, சிப்பித்தூள தனிச் சட்டியில வைங்க, வேணுங்கிறத அதுவே கொத்திக்கும். சிப்பி கெடைக்கலைன்னா முட்டை ஓட்ட வறுத்து நொறுக்கிப் போடலாம்.

கோழி நல்லா தெம்பா திரியுது, முட்டை மட்டும் இல்லைன்னா வேற கதை. எறகு கொட்டுற காலமா இருந்தா ரெண்டு மூணு மாசம் நிக்கும், அது பாட்டுக்கு வரும். இல்லைன்னா தேயிலைத் தூருக்குள்ள குனிஞ்சு பாருங்க, அங்க ஒளிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கும்.