பிளக் பொருந்தினால் மட்டும் போதுமா? வெளிநாட்டுப் பயணத்துக்கான அடாப்டரும் கன்வெர்ட்டரும்

வெளிநாட்டு விடுதி அறையில் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பவர் முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிளக்கின் கால்கள் அந்தச் சாக்கெட்டுக்குள் நுழையுமா என்பது முதலாவது. அதில் வரும் மின்னழுத்தத்தை அந்தக் கருவி தாங்குமா என்பது இரண்டாவது. அடாப்டர் முதல் கேள்விக்கு மட்டுமே விடை. அது கால்களின் வடிவத்தை மாற்றித் தருமே தவிர, மின்னழுத்தத்தில் ஒரு வோல்ட்டைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. அந்த வேலைக்குக் கன்வெர்ட்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ வேண்டும். கடைகளில் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கி வைப்பதாலோ என்னவோ, அடாப்டரை மாட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள்.

பெட்டி கட்டும்போதே ஒவ்வொரு கருவியையும் திருப்பிப் பார்த்து, அடியிலோ பக்கவாட்டிலோ பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட வேண்டும். சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிறத்தில் அச்சிடுவதை ஏனோ ஒரு மரபாகவே வைத்திருக்கிறார்கள். படிக்க முடியாவிட்டால் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். 'இன்புட்' என்பதற்கு எதிரே 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், அந்தக் கருவிக்கு எந்த நாட்டிலும் அடாப்டர் ஒன்றே போதும். கைபேசி, மடிக்கணினி, கேமரா ஆகியவற்றின் இன்றைய சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அதற்குக் கீழே 'அவுட்புட்' வரியில் காணப்படும் 5, 9, 20 வோல்ட் போன்ற எண்கள் சார்ஜரிலிருந்து கருவிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் குறிப்பவை. சுவரிலிருந்து வருவதோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வெறும் 120 வோல்ட் என்றோ 220–240 வோல்ட் என்றோ மட்டும் எழுதியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஜப்பானில் 100 வோல்ட், தைவானில் 110, அமெரிக்காவிலும் கனடாவிலும் 120. ஐரோப்பிய நாடுகள், இந்தியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா ஆகியவற்றில் 230. பிரேசிலில் ஊருக்கு ஊர் 127, 220 என்று மாறுவதால், அங்கே தங்குமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எதையும் மாட்ட வேண்டும்.

பொருந்தாத மின்னழுத்தம் என்ன செய்யும் என்பதற்கு ஹேர் டிரையரே நல்ல எடுத்துக்காட்டு. 120 வோல்ட்டில் 1500 வாட் இழுக்கும் டிரையரின் சூடாக்கும் கம்பியில் 12.5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அதே கம்பிக்கு 230 வோல்ட் கொடுத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 24 ஆம்பியராகவும் திறன் 5500 வாட்டாகவும் எகிறும். மின்னழுத்தம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதே கணக்கு. ஃபியூஸ் போவதற்குள் கம்பி சிவந்து பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருக்கலாம். மறுதிசையில் ஆபத்து குறைவு: 230 வோல்ட்டுக்கான 1500 வாட் கருவி, 120 வோல்ட்டில் 400 வாட் அளவுக்கே சுடும். இஸ்திரிப் பெட்டி துணியின் சுருக்கத்தைக்கூட நீக்காது.

இனி, மின்னழுத்தத்தை மாற்றும் கருவிகள். இவற்றில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்காமல் வாங்கினால் பணமும் வீண், கருவியும் வீண். இரும்பு உள்ளகத்தில் செம்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், கையில் எடுத்தாலே கனம் தெரியும். மின்னலையின் வடிவத்தைச் சிதைக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் மாற்றுவதால் மின்னணுக் கருவிகளுக்கும் மோட்டார் உள்ளவற்றுக்கும் ஏற்றது. 1600 வாட் வரை தாங்கும் என்று விற்கப்படும், உள்ளங்கையில் அடங்கும் எடை குறைந்த கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் அலையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பவை. சூடாக்கும் கருவிகளைச் சில நிமிடங்கள் இயக்க அவை உதவும். மின்னணுச் சுற்று உள்ள எதையும் அவற்றில் மாட்டக் கூடாது. எதை வாங்கினாலும் கருவியின் வாட் அளவைப்போல் ஒன்றரை மடங்காவது தாங்கக்கூடியதாகப் பார்க்க வேண்டும். மோட்டார் உள்ள கருவி தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்குமாதலால், அதற்கு இன்னும் கூடுதல் இடம் விட வேண்டும்.

இவை இரண்டுமே அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை அலை என்ற ஹெர்ட்ஸ் கணக்கை, மாற்றுவதில்லை. மின்சாரத்தின் அலைகளை எண்ணி ஓடும் 60 ஹெர்ட்ஸ் கடிகாரம், 50 ஹெர்ட்ஸ் நாட்டில் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கிவிடும்.

என் கருத்தில், சூடாக்கும் கருவிகளை வீட்டிலேயே விட்டுச் செல்வதுதான் சரி. அவற்றுக்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் பல கிலோ எடை இருக்கும். போன இடத்தில் ஒரு சிறிய கெட்டிலையோ டிரையரையோ வாங்குவதோ இரவல் கேட்பதோ மலிவு. எடுத்துச் சென்றே ஆக வேண்டுமென்றால், இரு மின்னழுத்தத்திலும் இயங்கும் பயண வகையைத் தேடலாம்.

அடாப்டர் வாங்கும்போது, போகும் நாட்டின் சாக்கெட் வகையை எழுத்தைக் கொண்டு அறியலாம். தட்டையான இரண்டு கால் 'ஏ' வகை. மெல்லிய உருண்டையான இரண்டு கால் 'சி'. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் உள்ள மூன்று செவ்வகக் கால் 'ஜி'. ஆஸ்திரேலியாவின் சாய்ந்த கால் 'ஐ'. அமெரிக்காவின் மூன்று கால் பிளக், ஜப்பானில் பரவலாக உள்ள இரண்டு துளைச் சாக்கெட்டில் நுழையாது. அந்த மூன்றாவது காலை ஒடித்துவிட்டு மாட்டுவது மடமை, ஏனெனில் அதுதான் எர்த் இணைப்பு. எல்லா நாட்டுக்கும் ஒன்றே என்று விற்கப்படும் அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பே இல்லை. கைபேசிக்கு அதனால் கேடில்லை; ஆனால் உலோக உடல் கொண்ட மடிக்கணினியைத் தொடும்போது விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் உணர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உலோக உடல் கொண்ட, எர்த் தேவைப்படும் கருவிகளுக்கு, அந்தந்த நாட்டுக்கென்றே செய்யப்பட்ட எர்த் உள்ள அடாப்டரே வேண்டும்.

பல கருவிகள் இருந்தால், ஒரே அடாப்டரில் வீட்டிலிருந்து கொண்டு சென்ற எக்ஸ்டென்ஷன் பெட்டியை மாட்டிக்கொள்ளலாம். மொத்தச் சுமை அடாப்டரில் அச்சிட்டுள்ள ஆம்பியரைத் தாண்டக் கூடாது. மிகை மின்னழுத்தத் தடுப்பு உள்ள 120 வோல்ட் பெட்டியை மட்டும் 230 வோல்ட் நாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது; அதன் தடுப்பு உறுப்பே முதலில் எரியும்.

இரு மின்னழுத்த டிரையர்கள் சிலவற்றில் நாணயத்தின் விளிம்பால் திருப்பக்கூடிய ஒரு சிறு திருகு இருக்கும். அதன் அருகே 125, 250 என்ற எண்கள் பொறித்திருக்கும். விமானம் ஏறும் முன்பே அதைத் திருப்பி வைத்து, பிளக்கின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டால், 230 வோல்ட் வீட்டுக்குத் திரும்பிய முதல் நாள் காலையில் அவசரத்தில் மாட்டும்போது, திருகு இன்னும் 125-இலேயே நிற்பது நினைவுக்கு வரும்.