பல நாட்டு ஊழியர்களுக்கு அணுகல்தன்மைப் பயிற்சி தயாரிப்பது எப்படி?

பல நாடுகளில் இருக்கும் ஊழியர்களுக்கு இணையவழியே அணுகல்தன்மைப் பயிற்சி (ஆவணங்களையும் இணையப் பக்கங்களையும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான பயிற்சி) நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்தால், சட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் உள்ள அணுகல்தன்மைச் சட்டம் என்று அது நாட்டுக்கு நாடு மாறும். பயிற்சிக்குப் பொது அளவுகோலாக இணைய அணுகல்தன்மைக்கான பன்னாட்டு நெறிமுறையான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2ஐ வைத்துக்கொண்டு, சட்டங்களை ஒரு பக்கக் குறிப்பாகக் கடைசியில் கொடுத்துவிடலாம்.

முதல் படி: பங்கேற்பாளர்களை வேலைவாரியாகப் பிரியுங்கள். ஆவணம் எழுதுபவருக்குத் தலைப்பு நிலைகளும் படங்களைச் சொற்களில் விவரிக்கும் மாற்றுரையும் தெரிய வேண்டும். வடிவமைப்பாளருக்கு, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது தெரிய வேண்டும்.

இரண்டாம் படி: பயிற்சிக் கோப்பே முதலில் தேற வேண்டும். வேர்டில் எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கினால் அது கண்ணுக்கு மட்டுமே தலைப்பு. 'ஹெடிங் 1' பாணியைக் கொடுத்தால்தான், திரையில் இருப்பதைப் பார்வையற்றோருக்குக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கும் தலைப்பு. பிடிஎஃப் ஆக்கும்போது 'பிரின்ட்' வழியே போகாமல் 'சேவ் ஆஸ்' வழியே போங்கள். அச்சுவழியில் இந்தத் தலைப்புக் குறிகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

மூன்றாம் படி, திரைவாசிப்பானை நேரடியாக இயக்கிக் காட்டுவது. பலரும் தடுமாறுவது இங்கேதான். ஜூமில் திரையைப் பகிர்ந்தால் படம் மட்டும் போகும், குரல் போகாது. 'ஷேர் சவுண்ட்' பெட்டியைக் குறியிட வேண்டும். குரல் போய்ச் சேர்ந்தாலும், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கு அந்த வேகமான செயற்கைக் குரல் பிடிபடாது. என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் மெனுவில், 'டூல்ஸ்' பிரிவில் 'ஸ்பீச் வியூவர்' இருக்கிறது. அதைத் திறந்தால், பேசப்படுவதெல்லாம் ஒரு சாளரத்தில் எழுத்தாக வரும். பிறகு உங்கள் அலுவலகத்தின் விடுப்பு விண்ணப்பப் பக்கத்தையே திறந்து, எச் விசையால் தலைப்புகளையும் டேப் விசையால் பெட்டிகளையும் கடந்து செல்லுங்கள். பெயர்க்குறி இணைக்கப்படாத பெட்டியில் நின்றால் 'எடிட், பிளாங்க்' என்று மட்டுமே ஒலிக்கும். அங்கே நிறுத்தி, இதில் என்ன நிரப்ப வேண்டும் என்று கேளுங்கள்.

ஜாஸ் என்ற மற்றொரு திரைவாசிப்பானும் நல்ல மென்பொருள்தான் என்றாலும் நான் என்விடிஏவையே பரிந்துரைப்பேன். இலவசம் என்பதால் எந்தக் கிளையிலும் நிறுவிக்கொள்ளலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு கணினியை இயக்கச் சொல்லும் பயிற்சியில் எனக்கு உடன்பாடில்லை. புதியவரின் தடுமாற்றத்தைத்தான் அது காட்டும், தேர்ந்த பயனரின் வேகத்தைக் காட்டாது. அந்த நேரத்தை, அன்றாடம் திரைவாசிப்பானில் வேலை செய்யும் ஒருவருக்கு உரிய ஊதியம் கொடுத்துப் பேச அழைப்பதில் செலவிடலாம்.

நான்காம் படி: பதிவை வெளியிடும் முன் தானியங்கி வசன எழுத்துகளைத் திருத்துங்கள். ஆட்பெயர்களும் கலைச்சொற்களும்தான் அதில் அதிகம் சிதையும்.

பின்சேர்க்கை: என்விடிஏ விண்டோஸில் மட்டுமே இயங்கும். மேக் வைத்திருப்பவர்கள் கமாண்ட், எஃப்5 விசைகளைச் சேர்த்து அழுத்தி, அதிலேயே இருக்கும் வாய்ஸ்ஓவர் திரைவாசிப்பானைத் தொடங்கலாம். ஆங்கில ஆவணத்தின் நடுவே வரும் பிரெஞ்சுப் பத்தி ஆங்கில உச்சரிப்பில் வாசிக்கப்படுகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, வேர்டின் 'ரிவ்யூ' பகுதியில் 'செட் புரூஃபிங் லாங்குவேஜ்' மூலம் பிரெஞ்சு என்று குறித்துவிட்டு மீண்டும் வாசிக்கவிட்டுப் பாருங்கள்.