நாயை விமானத்தில் ஜெர்மனிக்குக் கூட்டிப் போவது எப்படி? முதலில் சிப், அப்புறம்தான் ஊசி

மிளகு எங்கள் நாட்டு நாய். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் எங்கள் வேளச்சேரி வீட்டு மிதியடியில் வந்து படுத்தவள், அதற்கப்புறம் எழுந்து போகவே இல்லை. கணவருக்கு ஃபிராங்ஃபர்ட்டில் வேலை கிடைத்தது என்று சொன்னதும், சொந்தக்காரர்கள் சம்பளத்தைக்கூடக் கேட்கவில்லை. "நாயை யார்கிட்ட விடப் போறீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

யாரிடமும் விடவில்லை. ஏஜென்ட்டும் வைக்கவில்லை. நாங்களே அலைந்து கூட்டி வந்தோம். நான்கு மாதத்தில் முடிய வேண்டிய வேலை கிட்டத்தட்ட ஆறு மாதம் இழுத்தது. காரணம், மூன்று நாள் வித்தியாசம். அதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

இதில் உள்ளது சென்னையிலிருந்து ஜெர்மனிக்கான முறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாடுகளுக்கும் பெரும்பாலும் இதேதான். பூனைக்கும் இதே விதிகள்தான்.

ஆரம்பிக்கும் முன்

பிட் புல், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய நான்கு இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் ஜெர்மனிக்குள் கொண்டுவர முடியாது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய் என்றால் சரக்கு அறையில் ஏற்றப் பல விமான நிறுவனங்கள் மறுத்துவிடும். மூச்சுத் திணறல் பயம்தான் காரணம். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

படி 1: சிப்

நாயின் அடையாள எண் உள்ள, அரிசி மணி அளவிலான ஒரு சிப்பைக் கழுத்துப் பக்கத் தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில் இருக்க வேண்டும், எண் 15 இலக்கம். போடும் முன் சிப்பையும், போட்ட பின் நாயையும் ஸ்கேனரில் காட்டச் சொல்லி எண்ணை நீங்களே படித்துப் பாருங்கள். ஸ்கேனர் இல்லாத கிளினிக்கில் சிப் போடாதீர்கள். ஸ்டிக்கர்கள் கூடவே வரும். ஒன்றைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டுங்கள், மற்றதைப் பத்திரமாக வையுங்கள்.

படி 2: ரேபிஸ் ஊசி (நான் தடுக்கி விழுந்த இடம்)

விதி ஒற்றை வரிதான்: சிப் போட்ட அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ரேபிஸ் ஊசிதான் கணக்கு. சிப்புக்கு முன்னால் போட்டது எத்தனை ஊசியாக இருந்தாலும் செல்லாது.

இது எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் 3 அன்று மிளகுவை வழக்கமான கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். சிப் ஸ்டாக் இல்லை. "வந்ததே வந்தீங்க, ஊசியைப் போட்டுடலாம். சிப் வந்ததும் போன் பண்றேன்" என்றார் டாக்டர். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஊசி போட்டாயிற்று. ஆறாம் தேதி சிப் வந்தது, அதையும் போட்டாயிற்று. இரண்டு வேலை முடிந்தது என்று வீட்டில் பாயசம் வைக்காத குறை.

செப்டம்பர் முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்கான ஆய்வகப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். சிப் போட்ட தேதிக்கு ஒரு கட்டம், அதற்குப் பக்கத்திலேயே ஊசி போட்ட தேதிக்கு ஒரு கட்டம். 6 என்று எழுதினேன், பக்கத்தில் 3 என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது. படிவத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லை, ஆனால் இரண்டு கட்டத்தையும் எதற்காக ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. விதியைத் தேடிப் படித்தேன். மூன்று நாள் முந்திப் போட்ட ஊசி வீண்.

காரணம் எளிது. சிப் இல்லாத நாய்க்கு அடையாளம் இல்லை. எந்த நாய்க்கு அந்த ஊசி போட்டார்கள் என்று யாரும் நிரூபிக்க முடியாது.

செப்டம்பர் 8 அன்று மறுபடி ஊசி. இவ்வளவு சீக்கிரம் இன்னொன்றா என்று பயந்தேன், கெடுதல் இல்லை என்றார் டாக்டர். ஐந்து வாரம் போச்சு. டிசம்பர் டிக்கெட்டை மாற்ற வேண்டியிருந்தது, அதில் போன பணத்தில் இன்னொரு கூண்டே வாங்கியிருக்கலாம்.

ஆகவே சிப் ஸ்டாக் இல்லையென்றால் ஊசி போடாமல் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள். குட்டியென்றால் ஊசி போடும்போது 12 வாரம் நிரம்பியிருக்க வேண்டும். மருந்து பாட்டிலின் ஸ்டிக்கர், போட்ட தேதி, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் அட்டையில் இருக்கட்டும்.

படி 3: ரத்தப் பரிசோதனை

ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். நான் 32 நாள் விட்டு, அக்டோபர் 10 அன்று எடுத்தேன். ஒரு முறை சூடு கண்டாச்சே. ஊசிக்குப் பிறகு உடலில் ரேபிஸ் எதிர்ப்பு எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது வர வேண்டும்.

எந்த ஆய்வகத்திலும் செய்ய முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகமாக இருக்க வேண்டும், பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. எங்களுடையதை ஐரோப்பாவுக்கே அனுப்பினோம். அனுப்புவது முழு ரத்தம் அல்ல, சீரம், அதாவது ரத்த அணுக்களை நீக்கிய தெளிந்த நீர்ப்பகுதி. எடுத்த அன்றே கிளினிக்கில் சுழற்றிப் பிரித்து, ஐஸ் பேக்கோடு கட்டினார்கள். சீரம் வெளிர் மஞ்சளாகத் தெளிவாக இருக்க வேண்டும். சிவந்திருந்தால் ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம், அதை அனுப்பாமல் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். குப்பியின் மேல் சிப் எண்ணை எழுதி, ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது. 15 இலக்கத்தில் ஒன்று மாறினாலும் அது வேறு நாய்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது: 3.2. எங்கள் அடுத்த வீட்டு மாமா "நூத்துக்கு எத்தனை?" என்று கேட்டார்.

படி 4: மூன்று மாதக் காத்திருப்பு

ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழிந்தால்தான் ஐரோப்பாவுக்குள் நுழைய முடியும். முடிவு வந்த நாளிலிருந்து அல்ல. இதில் யாரும் தப்பிக்க முடியாது, அங்கே போய்த் தனிமையில் வைத்துக்கொள்கிறேன் என்று திட்டம் போடவும் வேண்டாம். இந்த மூன்று மாதத்தைக் கூண்டுக்குச் செலவிடுங்கள்.

கூண்டு அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், அதோடு தரையிலிருந்து முழங்கை வரையான உயரத்தில் பாதி: இது கூண்டின் நீளம். தோள்பட்டை அகலத்தின் இரண்டு மடங்கு: கூண்டின் அகலம். நிற்கும்போது தலை அல்லது காது நுனி, எது மேலோ அதுவரை, அதோடு விரிப்பின் கனம்: கூண்டின் உயரம். மிளகுவுக்கு நீளம் 64 சென்டிமீட்டர், முழங்கை 30, தோள் 20, காது நுனி 62. அப்படியென்றால் 79 நீளம், 40 அகலம், விரிப்போடு 65 உயரம். நாங்கள் வாங்கியது 91 நீளம், 64 அகலம், 69 உயரம். நாயை டேப் வைத்து அளப்பதற்கு இரண்டு பேரும் ஒரு துண்டு கோழி ஈரலும் தேவை.

பிளாஸ்டிக் கிளிப் வைத்து மூடும் கூண்டை நான் வாங்கவே மாட்டேன். இரும்பு நட்டு, போல்ட் போட்டது, நான்கு பக்கமும் காற்றோட்டம் உள்ளது, கம்பிக் கதவு வைத்தது, இதுதான் என் பரிந்துரை. சக்கரம் வேண்டாம். இருந்தாலும் விமான நிலையத்தில் கழற்றச் சொல்வார்கள். தண்ணீர்க் கிண்ணம் கதவின் உள்பக்கம் மாட்டியிருக்க வேண்டும், கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே நிரப்ப முடிய வேண்டும்.

முதல் வாரம் மேல் மூடியைக் கழற்றிவிட்டு அடிப்பாகத்தை மட்டும் ஹாலில் போட்டேன். சாப்பாடு அதற்குள்தான். என் அம்மாவின் பழைய நூல் புடவையை நான்காக மடித்து விரித்தேன். மூன்றாவது வாரம் மூடி, ஐந்தாவது வாரம் கதவு. கதவைச் சாத்தியதும் முதல் நாள் ஊளையிட்டாள், வாட்ச்மேன் மேலே ஏறி வந்துவிட்டார். டிசம்பர் முடிவதற்குள் மதியத் தூக்கமே அதற்குள் என்றாகிவிட்டது.

தூக்க மருந்து மட்டும் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் இருக்கும் நாயை ஏற்ற மாட்டார்கள். உயரத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் குறைந்தால் கீழே சரக்கு அறையில் பார்க்க ஆளும் இல்லை.

படி 5: டிக்கெட்

உங்கள் டிக்கெட் போடும்போதே நாய்க்கும் இடம் கேளுங்கள். ஒரு விமானத்தில் சில விலங்குகளுக்குத்தான் இடம். நேரடி விமானமே நல்லது. இடையில் இறங்கினால் அந்த ஊர் விதியும் சேர்ந்துகொள்ளும். கூடையோடு சேர்த்து 8 கிலோவுக்குள் இருந்தால் சில நிறுவனங்கள் கேபினுக்குள்ளேயே விடும், பூனை வைத்திருப்பவர்களுக்கு இது வரம். மிளகு 17 கிலோ. நீங்களும் நாயும் வேறு வேறு நாளில் போவதென்றால், உங்கள் பயணம் நாயின் பயணத்துக்கு முன்போ பின்போ ஐந்து நாளுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் வணிகச் சரக்கு விதிகள் வந்துவிடும்.

படி 6: கடைசி பத்து நாள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் சுகாதாரச் சான்றிதழ் கையெழுத்தான நாளிலிருந்து பத்து நாளுக்குள் அங்கே இறங்க வேண்டும். படிவம் ஆங்கிலத்தோடு ஜெர்மன் மொழியிலும் இருக்கும்படி எடுங்கள். சாதாரண கிளினிக் கையெழுத்து போதாது, அரசு அதிகாரி போட வேண்டும். சென்னையில் அது பள்ளிக்கரணையில் உள்ள ஏ.க்யூ.சி.எஸ். அலுவலகம், அதாவது மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு அலுவலகம். நாயையும் கூட்டிப் போனோம். அதிகாரி முதலில் செய்த வேலை ஸ்கேனரை எடுத்து சிப் எண்ணைப் படித்ததுதான். அப்புறம் ஊசி அட்டையைத் திருப்பி இரண்டு தேதிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சரியாக இருந்தது.

படி 7: விமான நிலையம்

நள்ளிரவு தாண்டிய விமானம், ஓடுதளத்தில் வெயில் இல்லை. நாங்கள் போனது ஜனவரி கடைசி. மே மாதத்தை நான் யோசிக்கவே மாட்டேன். ஆறு மணி நேரம் முன்பு லேசான சாப்பாடு, கிளம்பும் முன் நீண்ட நடை. கிண்ணத்தில் முந்தின இரவே தண்ணீரை உறைய வைத்தேன், சிந்தாமல் மெல்ல உருகும். காலிக் கூண்டை எக்ஸ்ரேயில் விடுவார்கள், நாய் உங்கள் கையில் இருக்கும். கழுத்துப்பட்டையும் கயிறும் வலுவாக இருக்கட்டும்.

ஃபிராங்ஃபர்ட்டில் பெரிய சாமான்கள் வரும் பக்கம் கூண்டு வந்தது. புடவை நனைந்திருந்தது, அவ்வளவுதான். சுங்கத்தில் சிவப்புப் பாதையில் போய்க் காகிதங்களைக் காட்டினோம். மறுபடி ஸ்கேனர், மறுபடி 15 இலக்கம். பிறகு நகராட்சியில் நாய் வரி கட்டப் பதிவு செய்ய வேண்டும். ஆமாம், இங்கே நாய்க்கு வரி உண்டு.

பின்சேர்க்கை 1: கோவையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ரத்தப் பரிசோதனை தேறிவிட்டது, ஆனால் அடுத்த வருட ரேபிஸ் ஊசியை ஒரு வாரம் தாமதமாகப் போட்டுவிட்டாராம். தொடர்ச்சி விட்டுப்போனால் பரிசோதனையும் செல்லாது, படி 2-இலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டு வந்தால் அந்தப் பரிசோதனை முடிவு நாயின் ஆயுளுக்கும் செல்லும். போனில் இரண்டு வாரம் முன்கூட்டியே அலாரம் வையுங்கள்.

பின்சேர்க்கை 2: பொங்கல் வாரத்தில் டிக்கெட் போட்ட ஒரு தோழி, பத்து நாளில் அலுவலகம் திறந்திருக்கும் நாட்களை எண்ணிப் பார்த்தால் நான்கே தேறியது என்கிறார். டிக்கெட் போடும் முன் அரசு விடுமுறைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.